‘எக்ஸ்போஷர்’னா ‘வெளிப்பாடு’ இல்லீங்க – பழைய ரத்தத்துல காரீயம் பாக்குறதுக்கு ஒரு சொல்

எல்லாருக்கும் வணக்கம். ‘எக்ஸ்போஷர்’ங்கிறதுக்கு, அதாவது ஒரு விஷம் நம்ம உடம்புல படுறதுக்கு, தமிழ்ச் சொல் வேணும்னு நம்ம குழுவுல ஐயா கேட்டதைப் பத்தி ரெண்டு நாளா யோசிச்சிட்டே இருக்கேன். ஃப்ரீசர்லயோ அட்டையிலயோ எடுத்து வச்ச பழைய ரத்தத்தை இப்ப டெஸ்ட் பண்ணி, அந்த ஆளுக்கு அப்ப எவ்வளவு ஈயம் (காரீயம், இங்கிலீஷ்ல லெட்) ஏறியிருந்துச்சுன்னு பாக்குறாங்கல்ல, அதுக்கு அண்ணன் ‘கடந்தகால ஈய வெளிப்பாட்டு அளவீடு’ன்னு போட்டிருந்தார்.

அண்ணா, ‘வெளிப்பாடு’ என்னால ஏத்துக்கவே முடியல. உள்ள இருக்கிறது வெளிய வந்தாதான் வெளிப்பாடு, கோபம் வெளிப்படும், திறமை வெளிப்படும், இங்க நடக்கிறதோ வெளிய கிடக்கிற விஷம் புள்ள உடம்புக்குள்ள போறது. ‘ஈய வெளிப்பாடு’ன்னு ரிப்போர்ட்ல படிக்கிற ஒரு அம்மா, சரி ஈயம் வெளிய போயிடுச்சு போலன்னு நினைச்சுட்டா அது அவங்க தப்பு இல்ல, சொல் போட்ட நம்ம தப்பு.

இதுக்கு வீட்டுலயே சொல் இருக்கு. வெயில் படாம வை, பனி பட்டா சளி புடிக்கும், தூசு படுற எடத்துல திங்காத. அதனால ‘படல்’ போதும்ங்கிறது என் கருத்து. ஆனா ‘ஈயப்படல்’னு ஒட்டிடாதீங்க, ஈதல்னா கொடுக்கிறது, ‘கொடுக்கப்படுறது’ன்னு வாசிச்சிடுவாங்க. ‘காரீயம் படல்’னே எழுதலாம், அதுல இன்னொரு நன்மையும் இருக்கு, ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேற உலோகம், அதுல காரீயம் கலந்திருந்தாத்தான் ஆபத்து. வெறும் ‘ஈயம்’னு எழுதினா ரெண்டும் குழம்பும்.

அடுத்து காலம். அக்கா சொன்ன ‘முற்படல்’ நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு காரியத்துக்கு முனையறதுங்கிற பொருள்ல அது ஏற்கனவே ஊறிப்போச்சு. ‘கடந்தகால’ன்னா ரொம்ப அகலம், வாழ்நாள் பூரா பட்டதைச் சொல்ற மாதிரி இருக்கு. ரத்தம் அப்படிச் சொல்லாது.

ஏன்னு புரிய, அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் ஊரைப் பாருங்க. 2014 ஏப்ரல்ல காசு மிச்சம் பண்ண டெட்ராய்ட் தண்ணிய விட்டுட்டு ஃபிளின்ட் ஆத்துத் தண்ணிக்கு மாறினாங்க, குழாய் அரிக்காம இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கல, பழைய காரீயக் குழாய் அரிச்சு குடிக்கிற தண்ணியில கலந்துச்சு. குழந்தை டாக்டர் மோனா ஹன்னா அட்டிஷா, ஏற்கனவே எடுத்திருந்த ரத்த டெஸ்ட் ரிசல்ட்டுகளை, தண்ணி மாறுறதுக்கு முன்ன, பின்னன்னு வச்சு ஒப்பிட்டாங்க. ரத்தத்துல டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ இருந்த சின்னக் குழந்தைங்க 2.4 சதவீதத்துலேர்ந்து 4.9 சதவீதமா ஆகியிருந்தாங்க. 2015 அக்டோபர்ல பழைய தண்ணிக்கே திரும்பினாங்க. சரி, அந்தச் சமயத்துல டெஸ்டே எடுக்காத புள்ளைக்கு என்ன பண்றது? ரத்தத்துல காரீயம் சுமார் ஒரு மாசத்துல பாதியாயிடும், ஒரு பங்கு எலும்புல போய் உக்காந்து வருஷக்கணக்கா அங்கயே கிடக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு ஊசி குத்தினா ரத்தம் சுத்தமா இருக்கிற மாதிரிதான் தெரியும். அன்னைக்கு எடுத்து வச்ச ரத்தம்தான் அன்னைக்குப் பட்டதைச் சொல்லும்.

அதான் என் முன்மொழிவு: ‘அன்றுபடல்’. முழுசா எழுதணும்னா ‘சேமக்குருதிவழி அன்றுபடல் மதிப்பீடு’, அதாவது சேமிச்சு வச்ச ரத்தத்தை வச்சு அன்னைக்குப் பட்டதைக் கணக்கிடுறது.

இதுல ‘குருதி’ங்கிறதையும் கவனமா வைக்கணும். ரத்தத்துல இருக்கிற காரீயத்துல கிட்டத்தட்ட 99 சதவீதம் சிவப்பணுவுலதான் இருக்கு, அதனால செல்லை எல்லாம் எடுத்துட்டு மிச்சம் நிக்கிற தெளிஞ்ச நீரை, அதாவது சீரத்தை மட்டும் சேமிச்சு வச்சிருந்தா அது இந்த வேலைக்கு ஆகாது. நண்பர் ஒருத்தர் ‘குருதிநீர்வழி’ன்னு எழுதியிருந்தார், அது சீரத்தைக் குறிக்கும், தயவுசெஞ்சு மாத்திடுங்க.

அப்புறம் பிறவி நோய் இருக்கான்னு பாக்க பிறந்த குழந்தை குதிகால்ல குத்தி வடிதாள் அட்டையில சொட்டு வைப்பாங்களே, 1960கள்ல அமெரிக்க டாக்டர் ராபர்ட் கத்ரி கொண்டுவந்த முறை, மிச்சிகன்ல அந்த அட்டைகளை 1980கள்லேர்ந்து சேமிச்சு வச்சிருக்காங்க. அதுக்கு ‘உலர்குருதித் துளி’ங்கிறாங்க, துளின்னா ஈரம் இருக்கணுமே, காஞ்சு வட்டமா ஒட்டிக்கிட்டது பொட்டுதான். ‘குருதிப்பொட்டு’ன்னு வைக்கலாமா? அந்தத் தாள்லயே, கை பட்ட எடத்துலயே கூட காரீயம் இருக்கலாம், அதனால பக்கத்துல ரத்தம் படாத தாளையும் வெட்டி டெஸ்ட் பண்ணி ஒப்பிடணும், அந்தத் துண்டை ‘வெறுந்தாள்’னு சொன்னா யாருக்கும் புரியும்.

ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல. குதிகால் பொட்டுல வர்ற காரீயம் குழந்தை வயித்துல இருக்கும்போது தாய்கிட்டேர்ந்து நஞ்சுக்கொடி வழியா வந்தது. பட்டது தாய்க்கு, பதிவானது குழந்தை ரத்தத்துல. இதை ‘தாய்வழிப் படல்’னு தனியாப் பிரிக்கணுமா, இல்ல அன்றுபடலுக்குள்ளயே அடக்கிடலாமா? அக்கா, நீங்க பிரசவ வார்டுல இருந்தவங்க, அங்க பேச்சுல எப்படிச் சொல்வீங்கன்னு எழுதுங்க, அதை வச்சே முடிவு பண்ணலாம்.