நர்சிங் முடித்த கையோடு வெளிநாட்டுச் சேவைக்குப் போகலாமா?

திருச்சி, பி.எஸ்சி. நர்சிங் நான்காம் ஆண்டு

இன்னும் மூன்று மாதத்தில் கோர்ஸ் முடிகிறது. வேலையில் சேருவதற்கு முன் நேபாளத்தில் ஒரு கிராமத்துக் கிளினிக்கில் இரண்டு மாதம் சேவை செய்யலாம் என்று ஓர் ஏற்பாட்டாளர் கூப்பிடுகிறார். தங்குமிடம், சாப்பாடு சேர்த்து நாம்தான் 60,000 ரூபாய் கட்ட வேண்டும். "சம்பளத்துக்குப் போக வேண்டிய பிள்ளை காசு கட்டி வேலை பார்க்கப் போகுதா?" என்கிறார் அப்பா. எனக்கோ ஒருமுறை டியூட்டிக்குள் நுழைந்துவிட்டால் அப்புறம் எங்கேயும் நகர முடியாது என்று பயம். போய் வந்த அக்காக்கள் சொல்லுங்கள்.

மதுரை, ஸ்டாஃப் நர்ஸ்

தங்கச்சி, நானும் இதே நேபாளத்துக்கு இப்படித்தான் போனேன். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் முடிந்து, அந்த வருடம் நவம்பரில். கோரக்பூர் வரை ரயில், சுனௌலியில் எல்லையைத் தாண்டிப் பஸ். நமக்கு விசா தேவையில்லை, அதனால் யாரும் எதையும் கேட்கவில்லை. நர்ஸாக வேலை பார்க்க நம் நர்சிங் கவுன்சில் தரும் ரிஜிஸ்ட்ரேஷன் அப்போது என் கைக்கு வந்திருக்கவே இல்லை. வெளிநாட்டு நர்ஸ் அங்கே வேலை பார்க்க நேபாள நர்சிங் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்க வேண்டும் என்பதே திரும்பி வந்த பிறகுதான் தெரியும்.

எல்லையில் லாரிகள் முடங்கிக் கிடந்த சமயம் அது. கேஸ் கிடையாது, விறகடுப்பில் சமையல். மருந்துக்கும் தட்டுப்பாடு. இரண்டாம் நாளே பேதியில் வாடிப்போன ஒரு குழந்தையைக் காட்டி வென்ஃப்ளான், அதாவது டிரிப் ஏற்ற நரம்பில் செருகும் ஊசிக்குழாய், போடச் சொன்னார்கள். காலேஜில் நாம் எத்தனை போட்டிருப்போம், அதுவும் குழந்தைக்கு? மூன்று தடவை குத்தினேன், நரம்பு கிடைக்கவில்லை. இருந்ததே கொஞ்சம், அதில் மூன்று வீண். நாலாவதை அந்த ஊர் நர்ஸ் ஒரே குத்தில் போட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"துக்சா, துக்சா" என்று அந்தக் குழந்தையின் அம்மா அரற்றிக்கொண்டே இருந்தார். எனக்குத் துக்கம் என்று காதில் விழுந்தது. வலிக்கிறது என்று அர்த்தமாம்.

அங்கே நிஜமான வாலண்டியர் யார் தெரியுமா? ஊருக்கு ஊர் இருக்கும் பெண் சுகாதாரத் தொண்டர்கள். 1988-லிருந்து அந்த அரசு நடத்தும் திட்டம். வயல் வேலைக்கு நடுவே வீடு வீடாகப் போய் ஜீவன்ஜல் பாக்கெட் கொடுப்பார்கள், நம் ஓ.ஆர்.எஸ்.தான் அது. குழந்தைகளின் மூச்சை எண்ணுவார்கள். ஆறு மாதக் குழந்தை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால் நிமோனியாவாக இருக்கலாம் என்று பள்ளிக்கூடமே போகாத ஓர் அம்மா எனக்கு எண்ணிக் காட்டினார். அதையே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

இன்னொன்று. பிறகு துபாய்க்கு விண்ணப்பித்தபோது அந்த இரண்டு மாத சர்டிபிகேட்டையும் சேர்த்து வைத்தேன். டேட்டாஃப்ளோ என்ற கம்பெனியின் சரிபார்ப்பில், சர்டிபிகேட் கொடுத்த இடத்துக்கே எழுதிக் கேட்பார்கள். அங்கிருந்து பதிலே வரவில்லை. அதை எடுத்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத நாளில் பார்த்த வேலையை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நாகர்கோவில், குழந்தைகள் ஐ.சி.யூ.

போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு வருடம் வார்டில் இருந்துவிட்டு, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வழியாகத் தெற்கு சூடான் போனேன். குறைந்தது இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். நாம் ஒரு பைசா கட்ட வேண்டாம், டிக்கெட் அவர்களுடையது, மாதச் சம்பளமும் உண்டு.

அனுபவம் எதற்கு என்று போன பிறகுதான் புரிந்தது. ஊசி போட அங்கே ஆள் இருக்கிறது. வார்டில் பெரும்பாலும் உள்ளூர் ஸ்டாஃப்தான். எனக்கு வந்தது டியூட்டி லிஸ்ட், மருந்து ஸ்டாக், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. மழைக்காலத்தில் மலேரியா குழந்தைகள் வந்துகொண்டே இருப்பார்கள். மேல்கையில் நாடாவைச் சுற்றினால் 11.5 செ.மீ.-க்குக் கீழே சிவப்பு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு என்று அர்த்தம். அப்படி மெலிந்த குழந்தைக்கு வழக்கமான வேகத்தில் டிரிப் ஏற்றினால் இதயம் தாங்காது. நடுராத்திரி அதைக் கவனித்து நிறுத்தச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். படித்து முடித்த புதிதில் என்னால் அது முடிந்திருக்காது.

டியூட்டிக்குள் போனால் வெளியே வர முடியாது என்கிறாய். எனக்கும் லீவு கிடைக்கவில்லை, வேலையை விட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். திரும்பி வந்த இரண்டாவது மாதம் வேறு இடத்தில் சேர்ந்தேன். சேரும்போது, இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன் என்கிற பாண்டில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிற இடமும் உண்டு.

ஈரோடு, ஜி.என்.எம்.

நானும் படித்த கையோடுதான் போனேன், ஆனால் நீலகிரி கூடலூருக்கு, அங்குள்ள ஆதிவாசி மருத்துவமனைக்கு. பணியர் பாட்டிகள் பேசுவது முதல் மாதம் ஒன்றுமே புரியவில்லை. சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோயின் வலியோடு வருபவர்களை அதுவரை புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். நர்ஸ்களில் பலர் அந்த ஊர் ஆதிவாசிப் பெண்களே. தப்பாக எதையாவது எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்தப் பக்கத்திலேயே ஓர் அக்கா நின்றார்.

திருச்சி, பி.எஸ்சி. நர்சிங் நான்காம் ஆண்டு

ரிஜிஸ்ட்ரேஷன் பற்றி அந்த ஏற்பாட்டாளரிடம் இன்று போனில் கேட்டேன். "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்கம்மா, வெள்ளைக் கோட்டு மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க" என்றார். அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.