பாதியில் நின்றவர்களையும் எண்ணுங்கள்: கவுன்சிலிங் ஆய்வில் என் முதல் வருடம்

ஒரு கல்லூரியில் கவுன்சிலராக இருக்கிறேன். வந்து பேசிவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே குணம் தெரிகிறதா என்று முறையாக ஆராய்ந்து பார்க்கும் ஆசை ரொம்ப நாளாக இருந்தது. "எதை வைத்து அளப்பீர்கள்?" என்பதுதான் என் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு கேட்ட முதல் கேள்வி. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளை எடுத்துக்கொண்டேன். கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (ஏறக்குறைய தினமும்) வரை, மொத்தம் 27. முதல் செஷனில் ஒரு தாள், கடைசி செஷனில் ஒரு தாள்.

ஆறு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லோருக்கும் ஸ்கோர் இறங்கியிருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. கைடு தாள்களைப் புரட்டிவிட்டு, "மற்றவர்கள் எங்கே?" என்றார். பாதிப் பேருக்குக்கூட இரண்டாவது தாள் இல்லை. பரீட்சைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணி நூறு சதவீதத் தேர்ச்சி என்று பலகை வைப்பார்களே, அதைத்தான் செய்திருந்தேன்.

நல்லவேளை, போனில் தொடர்புகொள்ள ஒப்புதல் படிவத்திலேயே சம்மதம் வாங்கியிருந்தேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒரு பையன் நன்றாகத் தேறிவிட்டதால் வரவில்லையாம். இன்னொரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மூணாவது தடவை வந்தப்ப நீங்க கடிகாரத்தையே பார்த்துட்டு இருந்தீங்க மேடம்." என் ஆய்வில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய தகவல் அதுதான்.

இப்போது ஒவ்வொரு செஷனிலும் தாள் கொடுக்கிறேன். பாதியில் நின்றாலும் கடைசியாக எந்த நிலையில் இருந்தார்கள் என்பதாவது கையில் இருக்கும்.

இன்னொன்று. ஆட்கள் நம்மிடம் வருவதே நிலைமை ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான். பேசாமல் விட்டாலும் சிலருக்குக் கொஞ்சம் இறங்கும். சிகிச்சை பெற்றவர்கள் அளவுக்கே பெறாதவர்களுக்கும் குணமாகிறது என்று உளவியலாளர் ஐசென்க் 1952இல் வாதிட்டார். ஆனால் 1977இல் ஸ்மித், கிளாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 375 ஆய்வுகளைத் தொகுத்து, சிகிச்சை பெற்ற சராசரி நபர் பெறாதவர்களில் 75 சதவீதம் பேரைவிட மேலான நிலையில் இருப்பதாகக் காட்டினார்கள். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் என் ஸ்கோர் மட்டும் எதையும் நிரூபிக்காது என்று அப்புறம்தான் புரிந்தது.

பதில்:
நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் கவுன்சிலர். எங்களுக்கு அடி விழுந்தது இதே பிஎச்க்யூ-9இன் 9ஆம் கேள்வியில். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்பது அது. தாளைக் கவரில் போட்டு, வாரக் கடைசியில் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எங்கள் வழக்கம். ஒரு அம்மா அதில் 2 போட்டிருந்ததை நான்கு நாள் கழித்துத்தான் பார்த்தேன். கை நடுங்கிவிட்டது. உடனே வீட்டுக்குப் போனோம், நல்லபடியாக இருந்தார். அன்றிலிருந்து அவர்கள் நாற்காலியை விட்டு எழுவதற்குள் அந்த வரியைப் பார்த்துவிடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் தயவுசெய்து முதல் நாளே இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பதில்:
ஜிம்பாப்வேயின் ஹராரேயில் பாட்டிமார்கள் பெஞ்சில் உட்கார்ந்து கவுன்சிலிங் கொடுக்கும் 'ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச்' ஆய்வை எடுத்துப் படியுங்கள் மேடம், 2016இல் வந்தது. சேர்ந்தவர்கள் 573 பேர். 6 மாதம் கழித்தும் 521 பேரை மறுபடி பார்த்து அளந்திருக்கிறார்கள். அளவுகோலும் அவர்களுடைய ஷோனா மொழியிலேயே உருவானது. எங்கள் ஊரில் "மனச்சோர்வு இருக்கா?" என்றால் இல்லை என்பார்கள். "மனசு பாரமா இருக்கா?" என்று கேட்டால்தான் கண் கலங்குகிறது.