மறு: ‘ஆர்கோஸ்’ – ‘சோம்பல்’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

விவிலியக் கலைச்சொல் பட்டியலில் ‘ஆர்கோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேரே ‘சோம்பலான’ என்று போட்டிருக்கிறீர்கள். தீத்து 1:12இல் கிரேத்தா தீவாரைப் ‘பெருவயிற்றுச் சோம்பேறிகள்’ என்கிற இடத்துக்குச் சரி. மத்தேயு 20க்கு வந்தால் உதைக்கிறது.

அங்கே கடைத்தெருவில் நிற்பவர்கள், கூலிக்கு யாராவது கூப்பிடுவார்களா என்று மாலை ஐந்து மணிவரை கால்கடுக்க நின்றவர்கள். கேட்டால், ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்கிறார்கள். சொல்லைப் பிரித்தாலும் அதுதான் வருகிறது: ‘அ’ இன்மை, ‘எர்கோன்’ வேலை. குணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பழைய மொழிபெயர்ப்பு ‘சும்மா நிற்கிற’ என்று போட்டதே நயம்.

‘செயலிலி’ என்று ஒருவர் சொன்னார். ஃபோனில் செயலி இல்லாதவன் என்று படிப்பார்கள். ‘வினையிலி’ கிரேக்கத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் நம் காதில் வினை என்றால் இருவினை. கடைத்தெருக் கூலிக்காரர் முக்தராகிவிடுவார்.

என் பரிந்துரை ‘தரிசு’. உழாமல் கிடக்கும் நிலத்தையும் கிரேக்கர் ஆர்கோஸ் என்றுதான் சொன்னார்கள். களரில் விதைத்துப் பயனில்லை. தரிசில் நாளைக்கே ஏர் பூட்டலாம். மத்தேயு 12:36இன் ‘வீணான வார்த்தை’ தரிசுச்சொல் ஆகட்டுமே. 2 பேதுரு 1:8இல் ஆர்கோஸ் ‘கனியற்ற’ என்பதோடு ஜோடியாக வருவதற்கும் ஒத்துப்போகும். அப்புறம் லூக்கா 13:7. காய்க்காத அத்திமரம் ‘நிலத்தையும் ஏன் கெடுக்கிறது’ என்ற இடத்தில் உள்ள ‘கதார்கேயோ’ இதே வேரில் பிறந்த வினை. மரம் இடத்தை அடைத்துக்கொண்டு நிலத்தைத் தரிசாக்குகிறது!

யாக்கோபு 2:20தான் இடிக்கிறது. ‘கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது’ என்கிற வசனம் அது. வத்திக்கான் சுவடி போன்ற பழைய கிரேக்கப் படிகளில் ‘செத்தது’ என்ற இடத்தில் ஆர்கோஸின் பெண்பால் வடிவமான ‘ஆர்கே’ இருக்கிறது. எர்கோன் இல்லாத விசுவாசம் ஆர்கே என்று சிலேடை. ‘வேலையில்லாத விசுவாசம் வேலைக்காகாது’ என்றால் சிலேடை பிழைத்துக்கொள்ளும், ஆனால் ‘கிரியை’ என்ற பழகிய சொல் போய்விடும். அதை அடிக்குறிப்பில் வைக்கலாம்.

ஆட்களுக்குத் ‘தரிசு’ ஒட்டாது. ‘வேலையற்ற’ என்று தனியாகக் கொடுப்போம். ஆனால் 1 தீமோத்தேயு 5:13இல் வீடுவீடாய்த் திரிகிற இளம் விதவைகளை என்ன செய்வது? ‘வேலையற்ற’ என்றால் பழி கரைகிறது, ‘சோம்பல்’ என்றால் கூடிவிடுகிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?