காது அக்குபங்சர் வேகஸ் நரம்பைத் தூண்டுமா? ஊசிக்கும் மின்கருவிக்கும் என்ன வேறுபாடு?

கேள்வி: விழித்திருப்பவன்

வணக்கம். ஏறத்தாழ ஓராண்டாக எனக்கு இரவில் உறக்கம் பிடிப்பதில்லை. படுத்த சிறிது நேரத்தில் நெஞ்சு படபடக்கத் தொடங்குகிறது. பகலெல்லாம் வயிறு உப்பிசமாகவே இருக்கிறது. இதய மருத்துவர் ஈசிஜி, எக்கோ, தைராய்டுப் பரிசோதனை அனைத்தையும் பார்த்துவிட்டு, அஞ்சும்படி ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, காது அக்குபங்சர் செய்பவரிடம் சென்றேன். என் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் வேகஸ் நரம்பு சோர்ந்து கிடப்பதே காரணம் என்றும், காதில் ஊசி போட்டு அதைத் தூண்டினால் பத்து அமர்வுகளில் உறக்கமும் செரிமானமும் சீராகிவிடும் என்றும் அவர் கூறினார். காதில் மாட்டிக்கொள்ளும் சிறு மின்கருவியும் இதே வேலையைச் செய்யும் என்ற விளம்பரங்களும் கண்ணில் படுகின்றன.

வயிற்றையும் இதயத்தையும் ஆளும் நரம்பு காதுக்கு எப்படி வந்தது? ஊசியும் கருவியும் ஒன்றுதானா? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிறது. அது இதற்குத் தடையாகுமா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: எலும்புக்கூடு

நான் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்பிப்பவன். நரம்பு காதுக்கு வருவது உண்மை. அதில் ஐயமே வேண்டாம். வேகஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் 12 இணை நரம்புகளில் 10-ஆவதான இது, மூளையின் அடித்தண்டான முகுளத்தில் தொடங்கி, மண்டையோட்டின் அடித்துளை வழியாகக் கழுத்தில் இறங்கி, குரல்வளை, இதயம், நுரையீரல், இரைப்பை ஆகியவற்றைத் தொட்டுப் பெருங்குடலின் பெரும்பகுதி வரை செல்கிறது. மண்டையோட்டை விட்டு வெளியேறும் இடத்திலேயே இதிலிருந்து ஒரு மெல்லிய கிளை பிரிந்து, பொட்டெலும்புக்குள் இருக்கும் நுண்ணிய கால்வாய் வழியே புகுந்து, காதுத் துளைக்கு வெளியே கிண்ணம் போலக் குழிந்திருக்கும் செவிக்குழியின் தோலையும் காதுத் துளையின் ஒரு பகுதியையும் வந்தடைகிறது. அதற்கு ஆர்னால்டு நரம்பு என்று பெயர். காதைக் குடையும்போது சிலருக்குக் காரணமில்லாமல் இருமல் வருவதற்கு இந்தக் கிளைதான் காரணம்.

ஆனால் காது முழுவதும் வேகஸுக்குச் சொந்தமானதன்று. காது மடலின் கீழ்ப்பகுதியும் தொங்கும் சோணையும் கழுத்துத் தண்டுவடத்திலிருந்து வரும் பெரும் செவிமடல் நரம்பின் ஆட்சியில் இருக்கின்றன. முன்பக்க மேற்பகுதிக்கு முகத்தின் உணர்வு நரம்பான முக்கிளை நரம்பு வருகிறது. 2002-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இருவர் இறந்தோரின் காதுகளை அறுத்து நரம்புகளைத் தேடியபோது, செவிக்குழியின் மேற்பள்ளம் ஒன்றில் மட்டுமே வேகஸ் கிளை தனியாட்சி செய்வதைக் கண்டனர். காதுத் துளைக்கு முன்னால் துருத்தி நிற்கும் சிறு முனையில் அது எவ்வளவு இருக்கிறது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே உங்களுக்கு ஊசி போட்டவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவர் ஊசியை எங்கே குத்துகிறார் என்பதுதான். சோணையில் குத்திவிட்டு வேகஸைத் தூண்டினேன் என்று சொல்வாரானால், உடற்கூறு அவருக்குச் சாட்சி சொல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வேகஸின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. இதயத்துக்கும் வயிற்றுக்கும் கட்டளை கொண்டுவருபவை எஞ்சியவை மட்டுமே. காதுக்கிளை தோலுணர்வைச் சுமக்கும் கிளை. அதைத் தூண்டினால் செய்தி மேலே போய், முகுளத்தில் உள்ளுறுப்புச் செய்திகள் வந்து சேரும் மையத்தை எட்டி, அங்கிருந்து இதயத்துக்குரிய கட்டளையாகத் திரும்ப வேண்டும். பாடநூல்களின்படி காதுத் தோலின் உணர்வு பெரும்பாலும் முக்கிளை நரம்பின் மையத்துக்கே போகிறது. ஆயினும் 2015-இல் வெளியான மூளைப்பட ஆய்வு ஒன்றில், மேற்பள்ளத்தில் மின்தூண்டல் கொடுத்தபோது முகுளத்தின் அந்த உள்ளுறுப்பு மையமும் கிளர்ச்சி அடைந்தது தெரிந்தது. அந்த ஆய்வில் ஒப்பீட்டுக்காகச் சோணையிலும் தூண்டல் கொடுத்தார்கள். எனவே பாதை இருக்கிறது, ஆனால் அது நெடுஞ்சாலை அன்று, ஒற்றையடிப் பாதை.

உறக்கம் வராதவர் என்பதால் ஒரு செய்தி. ஓட்டோ லோவி என்ற உடலியலாளர் தவளையின் இதயத்தைக் கொண்டு வேகஸ் எவ்வாறு துடிப்பைக் குறைக்கிறது என்று காட்டிய சோதனை 1921-இல் வெளிவந்தது. அச்சோதனைக்கான வழி அவருக்குக் கனவில் தோன்றியதாம். முதல் இரவு எழுந்து கிறுக்கி வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லை. மறு இரவு அதே கனவு வந்தபோது எழுந்து நேராக ஆய்வகத்துக்கே போய்விட்டார். 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பதில் 2: சிறுவிதை

நான் பல ஆண்டுகளாகக் காது அக்குபங்சர் செய்து வருபவள். மேலே எழுதியவரின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்துச் செய்தியையும் சொல்ல வேண்டும்.

இன்று வழங்கும் காதுப் புள்ளி வரைபடத்தை உருவாக்கியவர் பிரான்சில் லியோன் நகரைச் சேர்ந்த மருத்துவர் போல் நோஜியே. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி தீர்ந்ததாகச் சொன்ன நோயாளிகளின் காதில் சூடு வைத்த தழும்புகளைக் கண்டு வியந்து, 1950-களில் அவர் ஆராயத் தொடங்கினார். தலைகீழாகக் கிடக்கும் கருவைப் போல உடல் முழுவதும் காதில் படிந்திருக்கிறது என்பது அவரது கொள்கை. வேகஸ் என்ற பேச்சு அதில் மையமாக இல்லை. அண்மைக் காலத்தில்தான், அக்குபங்சருக்கு ஓர் அறிவியல் முகவரி தேவைப்பட்டபோது, எங்களில் பலர் எல்லாப் புள்ளிகளுக்கும் வேகஸ் என்ற பெயரை ஒட்டிவிட்டோம். அது நேர்மையன்று என்பது என் எண்ணம்.

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள லிங்கன் மருத்துவமனையில் 1970-களில் போதைப் பழக்கத்துக்காக உருவான முறையில் ஒவ்வொரு காதிலும் 5 ஊசிகள் குத்தப்படுகின்றன. அவற்றில் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் என்று பெயரிடப்பட்ட 3 புள்ளிகள் செவிக்குழிக்குள்ளேயே, அதாவது வேகஸ் கிளை பரவும் பகுதியிலேயே விழுகின்றன. மற்ற இரண்டும் மடலின் மேற்பகுதியில் இருக்கின்றன. நரம்பை எண்ணி அந்தப் புள்ளிகளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, தற்செயலாகவே பொருந்தின.

அந்த முறையின் சான்று எப்படிப்பட்டது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 2000-இல் கோக்கெய்ன் பழக்கம் உள்ள 82 பேரிடம் நடத்திய ஆய்வில் ஊசி நல்ல பயன் தந்தது. ஏறத்தாழ அதே குழுவினர் 2002-இல் 620 பேரிடம் செய்து பார்த்தபோது, ஒப்பீட்டுக்காக வேண்டுமென்றே புள்ளி தவறிக் குத்திய ஊசியை விடவும் வெறும் தளர்வுப் பயிற்சியை விடவும் அது மேலானதாகத் தெரியவில்லை. என்னிடம் வருபவர்கள் அரைமணி நேரம் ஊசியோடு அசையாமல் அமர்ந்திருந்துவிட்டு, அன்றிரவு நன்றாக உறங்கினேன் என்று சொல்வது உண்டு. அது ஊசியால் வந்ததா, அரைமணி நேர அமைதியால் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. பத்து அமர்வில் சீராகும் என்று நான் யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை.

பதில் 3: பழுத்த காது

ஊசி பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. எனக்கு ஒரு சிகிச்சையகத்தில் குண்டூசித் தலை போன்ற சிறு ஊசிகளைக் காதில் பதித்து, மேலே பசைத்துணி ஒட்டி, ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும் என்று அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் காது சிவந்து வீங்கித் தொட முடியாத வலி வந்தது. குருத்தெலும்பை மூடிய சவ்வில் சீழ் பிடித்துவிட்டது. குருத்தெலும்புக்குத் தனி இரத்தக் குழாய் கிடையாது, அந்தச் சவ்வை நம்பித்தான் அது உயிர் வாழ்கிறது என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கினார். இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் எடுத்தும் என் மடலின் வடிவம் சற்றுக் கெட்டே போயிற்று. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் பதித்து வைக்கும் ஊசிக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பதில் 4: இரவுப்பணி

நான் பொது மருத்துவர். மின்கருவி பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கழுத்தில் இடப்பக்க வேகஸ் நரம்பைச் சுற்றி மின்முனையைப் பொருத்தி, காறை எலும்புக்குக் கீழே மின்கலத்தைப் புதைக்கும் அறுவை முறைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997-இல் வலிப்பு நோய்க்கும், 2005-இல் மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கும், 2021-இல் பக்கவாதத்துக்குப் பிந்தைய கைப்பயிற்சிக்கும் ஒப்புதல் அளித்தது. வேகஸ் தூண்டலின் உறுதியான சான்றுகளில் பெரும்பாலானவை இந்த முறையில் கிடைத்தவை. விளம்பரங்கள் அச்சான்றுகளைக் காதுக் கருவியின் கணக்கில் எழுதிவிடுகின்றன. அங்கேதான் படிப்பவர் ஏமாறுகிறார்.

காதுக் கருவிக்கென்று தனிச் சான்று அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. விட்டுவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்பு உள்ள 53 பேரிடம் 2020-இல் வெளியான ஆய்வு நடந்தது. ஒரு குழுவினர் காதுத் துளைக்கு முன்னுள்ள முனையிலும், மற்றொரு குழுவினர் சோணையிலும் நாள்தோறும் ஒரு மணி நேரம் மின்தூண்டல் எடுத்தனர். 6 மாத முடிவில் முதல் குழுவில் அந்தத் துடிப்புக் கோளாறின் அளவு 85 விழுக்காடு குறைவாக இருந்தது. எனினும் 53 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. தவிர, அது உங்கள் நோயும் அன்று. ஊசி ஒரு புள்ளியைக் குத்தி நின்றுவிடுகிறது. கருவியோ நொடிக்கு 20 அல்லது 25 முறை அளவிட்ட துடிப்பைத் தொடர்ந்து அனுப்புகிறது. ஒன்றின் பயனை மற்றதற்கு எடுத்துக்கொள்ள இயலாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும், துடிப்பு மிகக் குறைவாக உள்ளவர்களும், அடிக்கடி மயங்கி விழுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இக்கருவியை மாட்டக்கூடாது.

இனி உங்கள் செய்திக்கு வருகிறேன். சோர்ந்த வேகஸ் என்று அவர் பொதுவாகச் சொன்னது, சர்க்கரை நோயாளியின் விஷயத்தில் உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதுதான் வேடிக்கை. நெடுநாள் சர்க்கரை நோய் வேகஸ் உள்ளிட்ட தன்னியக்க நரம்புகளைக் கெடுக்கும். அப்போது ஓய்விலேயே நாடி விரைவாக ஓடும், இரைப்பை காலியாவது தாமதப்பட்டு வயிறு உப்பும். அதைக் காதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் எளிய சோதனை உண்டு. ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு 6 முறை என்று ஆழமாக மூச்சு விடச் சொல்வார்கள். நலமான வேகஸ் இருந்தால் மூச்சை இழுக்கும்போது துடிப்பு கூடி, விடும்போது தெளிவாகக் குறையும். அந்த ஏற்ற இறக்கம் மழுங்கியிருந்தால் நரம்பு பழுதாகியிருக்கலாம். நீங்கள் எடுப்பது மெட்ஃபார்மின் மாத்திரையா என்பதையும் பாருங்கள். வயிற்று உப்பிசத்துக்கு அதுவே காரணமாவது மிகச் சாதாரணம். குறட்டை விடுகிறீர்களா என்பதையும் வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள்.

பதில் 5: விழித்திருப்பவன்

அனைவருக்கும் நன்றி. மெட்ஃபார்மின்தான், ஆனால் அதை நான்காண்டுகளாக எடுத்து வருகிறேன், உப்பிசமோ ஓராண்டாகத்தான் இருக்கிறது. குறட்டை உண்டு என்று மனைவி சிரிக்காமல் சொன்னார். மூச்சுச் சோதனையை யாரும் எனக்குச் செய்யவில்லை. அடுத்த முறை கேட்டுப் பெறுகிறேன். என் கைக்கடிகாரம் இதயத்துடிப்பு இடைவெளி மாறுபாடு என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. முதல் ஊசி அமர்வுக்குப் பிறகு அது கூடியிருந்தது. அதைச் சான்றாகக் கொள்ளலாமா?

பதில் 6: இரவுப்பணி

ஒற்றை நாள் எண்ணை நம்ப வேண்டாம். மெதுவாக மூச்சு விட்டாலே அந்த எண் கூடிவிடும், படுத்தாலும் கூடும். ஊசியோடு அசையாமல் இருந்தபோது நீங்கள் இரண்டையும் செய்திருப்பீர்கள். மெட்ஃபார்மினைத் தொடங்கிய நாளை விட அளவைக் கூட்டிய நாள் முக்கியம். பழைய மருந்துச் சீட்டுகளில் தேடிப் பாருங்கள். குறட்டை விடுபவர் படபடப்போடு விழிக்கிறார் என்றால் உறக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்ற பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள். காதுக்கான முடிவை அது வந்தபின் எடுக்கலாம்.