விட்பி போகிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி: வழி சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவை இங்கிலாந்தின் யார்க் நகரிலிருந்து கடலோர ஊரான விட்பிக்கு இரண்டு நாள் கூட்டிப் போகிறேன். போய் வந்தவர்கள் உதவ வேண்டும்.

அம்மா தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாடு மேய்த்த கேட்மன் விட்பியின் பழைய கிறிஸ்தவ மடத்தில்தான் பாட்டுக் கட்டினார், பெயர் தெரிந்த ஆங்கிலக் கவிஞர்களில் அவரே முதல்வர் என்று நான் சொன்னதிலிருந்து அங்கே போயே ஆக வேண்டும் என்கிறார். 657இல் தொடங்கிய மடம் அது. ஹில்டா என்ற பெண் துறவிதான் தலைவி. ஈஸ்டர் நாளை எப்படிக் கணக்கிடுவது என்ற வழக்கு 664இல் அங்கேதான் தீர்ந்தது. இப்போது நிற்கும் இடிபாடு பிற்காலக் கட்டடம் என்றாலும், குன்றின் மேல் கடலைப் பார்த்து அது நிற்கிற அழகை அவர் கண்ணால் காண வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஊரிலிருந்து மேலே ஏற 199 படிகள். மேலே கார் நிறுத்துமிடம் உண்டு, ஆனால் எங்களிடம் கார் இல்லை. டாக்சி எளிதாகக் கிடைக்குமா? உள்ளே தரை மேடுபள்ளமா, கைத்தடியோடு நடக்கலாமா?

அப்புறம், மிடில்ஸ்பரோவில் மாறி எஸ்க் பள்ளத்தாக்கு ரயிலில் வருவதா, யார்க்கிலிருந்து பேருந்தா? எது அலுப்பில்லாதது?

கடலோடி கேப்டன் குக் தொழில் பழகிய வீடு அருங்காட்சியகமாக இருக்கிறதே, அங்கே மாடிப்படி செங்குத்தா? மேற்குக் குன்றில் திமிங்கல எலும்பு வளைவருகே உட்கார பெஞ்சு இருந்தால் அதையும் சொல்லுங்கள். அங்கிருந்து எதிரே மடம் தெரியும். படி ஏற முடியாவிட்டால் அதையாவது அம்மா நிதானமாகப் பார்க்கட்டும்.