கிளாம் ஓரத்தில் வெள்ளை நத்தைகள்: எதை எடுப்பது, எதை விடுவது?

செங்காங்_தொட்டி:
எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டு ஹாலில் 2 அடி கடல்நீர்ப் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். ஏழு மாதம் ஆகிறது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 26 டிகிரியில் நிற்கிறது. போன மாதம் விரல் நீளத்தில் ஒரு மேக்சிமா கிளாமும் (ராட்சதச் சிப்பி வகை) மூன்று ஸோவாந்தஸ் துண்டுகளும் (பொத்தான் போன்ற பவள வகை) வாங்கினேன். நேற்று ராத்திரி 2 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து, சும்மா டார்ச் அடித்தால் மூன்று புது ஜீவன்கள். அரிசிமணியைவிடச் சின்ன பால்வெள்ளை நத்தைகள், கிளாமின் ஓட்டு விளிம்பில் எட்டு பத்து இருக்கும். அப்புறம் முதுகில் நகம் போல ஓடு வைத்த சாம்பல் நிற அட்டை. பிடிக்கப் போனால் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிட்டது! பாறையில் சுண்ணாம்புக் குழாய் ஒன்று, அதன் வாயிலிருந்து சிலந்தி நூல் மாதிரி மிதக்கிறது. பயமாக இருக்கிறது. பாறைகளை எல்லாம் எடுத்து நன்னீரில் முக்கிவிடலாமா?

உப்புக்காற்று:
முக்காதீர்கள். பாறைக்குள் இருக்கும் புழு, நத்தை எல்லாம் செத்து அமோனியா ஏறினால் கிளாமையும் இழப்பீர்கள்.

பவளக்காரி:
தம்பி, முதலில் அந்த வாலைக் கழற்றியவனை விட்டுவிடுங்கள். அது ஸ்டொமடெல்லா. பகலில் பாறைக்கடியில் கிடக்கும், இரவில் பாசி மேயும். பயந்தால் பாதத்தின் பின்துண்டை உதிர்த்துவிடும், பிறகு வளர்ந்துவிடும். தொட்டியிலேயே குஞ்சு பொரித்துப் பெருகுகிற அருமையான நத்தை. என் தொட்டியில் இருப்பவற்றை நான் காசு கொடுத்து வாங்கவே இல்லை.

வெள்ளை நத்தைதான் அவசரம். கூர்மையாக, கோபுரம் போல நீண்ட ஓடா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். செரித் நத்தைக் குஞ்சும் கோபுர ஓடுதான், ஆனால் அது கண்ணாடியிலும் மணலிலும் அலையும். கிளாமின் விளிம்பிலேயே, அதுவும் இரவில், கூட்டமாக நின்றால் அநேகமாக பிரமிட் நத்தைதான். அதற்கு நாக்குப் பல் கிடையாது; நீண்ட குழலைச் சதைக்குள் குத்தி உடல் நீரை உறிஞ்சும். டர்போ, ட்ரோக்கஸ் நத்தைகளையும் விடாது. பசிபிக் தீவுகளில் கிளாம் வளர்க்கும் பண்ணைகளிலும் இது பெரிய தொல்லை. மூன்று வருடம் முன் நான் "சின்னதுதானே" என்று விட்ட கிளாம், வாய் பிளந்தபடி செத்துப்போனது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இன்று இரவே கிளாமை எடுங்கள். பாறையோடு ஒட்டியிருந்தால் பாறையோடு சேர்த்துத்தான். அடியிலுள்ள நாரைப் பிய்த்தால் கிளாம் பிழைப்பது கஷ்டம். தொட்டி நீர் நிறைந்த வாளியில் வைத்து, மெத்தென்ற டூத் பிரஷ்ஷால் ஓட்டின் மடிப்புகளையும் அடிப்பக்கத்தையும் தேயுங்கள். அங்கே கண்ணாடி போன்ற ஜெல்லித் திட்டு இருந்தால் அது முட்டை, அதையும் தேய்த்தெடுங்கள். வாளி நீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். ஒரு நாளோடு முடியாது; முட்டை பொரிந்துகொண்டே இருக்கும். முதல் வாரம் தினமும், பிறகு சில வாரங்கள் விட்டுவிட்டு. சிக்ஸ்லைன் ராஸ் மீன் இவற்றைக் கொத்தித் தின்னும், ஆனால் பின்னால் வரும் சாதுவான மீன்களை விரட்டும், யோசித்து வாங்குங்கள்.

உப்புக்காற்று:
குழாய் வெர்மெட்டிட். அதுவும் நத்தைதான், ஒரே இடத்தில் ஒட்டி வாழும். சளி நூலை வலை போல விரித்து இரை பிடிக்கும். நூல் பட்ட பவளம் சுருங்கும். குழாய் வாயில் விசிறி போல இறகுக் கொத்து வந்தால் அது சாதுவான புழு, விட்டுவிடலாம். நூல் என்றால் வாயை சூப்பர் க்ளூ ஜெல்லால் அடையுங்கள். தூள் உணவைக் குறைத்தால் பெருகுவதும் குறையும். ஸோவாந்தஸ் வாங்கியதால் இதையும் பாருங்கள்: கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தட்டைச் சுருள் ஓடு தண்டுகளுக்கிடையே இருந்தால், அது ஸோவாந்தஸைத் தின்னும் சன்டயல் நத்தை. கையாலேயே எடுத்துவிடலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஸோவாந்தஸ் நஞ்சு புண்ணில் படக் கூடாது.

செங்காங்_தொட்டி:
அக்கா, நேற்று இரவு தேய்த்தேன். பதினான்கு நத்தை, அடியில் இரண்டு ஜெல்லித் திட்டு. இன்று இரவு ஐந்து. கட்டம் போட்ட ஓடு எதுவும் இல்லை. குழாய்க்கு க்ளூ வைத்தாயிற்று. இன்று மதியம் விளக்கு போட்டதும் கிளாம் முன்பைவிட அகலமாக விரிந்திருக்கிறது. நாளைக்கும் தேய்த்துவிட்டு எண்ணிக்கை போடுகிறேன்.