டேலி வேலைக்கு லேப்டாப்: எந்த பிராண்ட் நல்லது? விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?

பேரேடு:
வணக்கம். கரூரில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். நான்கு ஜவுளிக்காரர்கள், ஒரு பிரைவேட் லிமிடெட். டேலி பிரைம், எக்செல், ஜிஎஸ்டி போர்ட்டல், அந்த பிரைவேட் லிமிடெட்டுக்கு மட்டும் டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்காக யுஎஸ்பியில் செருகுவது). இவ்வளவுதான் என் வேலை.

இப்போதிருக்கும் லேப்டாப் 2017-ல் வாங்கியது. ஐ5-7200யு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் பட்டனை அழுத்திவிட்டுப் போய் ஒரு ஈடு இட்லி எடுத்துவிட்டு வந்தால்தான் டேலி திறந்திருக்கிறது. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று அதுவே சொல்லிவிட்டது.

பெங்களூரில் ஐடியில் இருக்கும் தம்பி, "மேக்புக் ஏர் வாங்கு அக்கா, வேற யோசிக்காதே" என்கிறான். அவன் நண்பன் லினக்ஸ் போடச் சொல்கிறான். கடைக்காரர் மூன்று காட்டினார், எல்லாம் 60 ஆயிரத்துக்குள். ஒன்று ரைசன் 5 7520யு, 8 ஜிபி. அடுத்தது இன்டெல் ஐ5-1235யு, அதுவும் 8 ஜிபி. கடைசியாக ஸ்னாப்டிராகன் எக்ஸ், 16 ஜிபி. அதைத்தான் ரொம்பப் புகழ்ந்தார், பேட்டரி நாள் முழுக்க நிற்குமாம்.

ஹெச்பி, டெல், லெனோவோ, ஆசுஸ், ஏசர் என்று எதைக் கேட்டாலும் ஒருவர் தங்கம் என்கிறார், அதையே இன்னொருவர் குப்பை என்கிறார். எதுதான் நல்ல பிராண்ட்?

கடித்த_பழம்:
நான் மேக் ஆள்தான். 2020 கடைசியில் வந்த எம்1 ஏர் வைத்திருக்கிறேன். ஃபேனே கிடையாது, சூடும் பெரிதாக ஏறாது, தமிழ் எழுத அஞ்சல், தமிழ்99 இரண்டும் உள்ளேயே வருகின்றன. ஆனாலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

டேலி மேக்கில் நேரடியாக ஓடாது. இன்டெல் மேக் காலத்தில் பூட் கேம்ப் போட்டு முழு விண்டோஸை ஏற்றலாம். ஆப்பிளின் சொந்த எம் சிப் வந்ததோடு அந்த வழி அடைபட்டது. இப்போது மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் மாதிரி மென்பொருள் ஒன்றைப் போட்டு, அதற்குள் ஏஆர்எம் (இன்டெல், ஏஎம்டி அல்லாத வேறு வகை சிப்) விண்டோஸை ஓட்டி, அதற்குள் டேலியை ஓட்ட வேண்டும். டோக்கன் வேலை செய்யுமா என்பது அதற்கப்புறம். இன்னொன்று, மேக்புக் எதிலும் நம்பர் பேட் கிடையாது. நாள் முழுக்க பில் போடுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் தம்பிக்குத் தெரியாது!

பெங்குவின்_பித்தன்:
ஏன் எல்லாரும் காசைச் செலவழிக்கவே வழி சொல்கிறீர்கள்? அந்த 7200யு நல்ல சிப்தான். லினக்ஸ் மின்ட் போடுங்கள், இலவசம், வருடக்கணக்கில் அப்டேட் வரும். எக்செல்லுக்கு லிப்ரே ஆஃபீஸ். 2011-ல் தமிழக அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்பிலேயே பாஸ் லினக்ஸ் இருந்தது. நாம்தான் அதை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டோம். டேலிக்கு வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி) வைத்து முயன்று பார்க்கலாம்.

திருப்புளி:
பித்தன், உங்கள் லினக்ஸ் ஆசை புரிகிறது. 20-ம் தேதி இரவு பதினோரு மணிக்கு ஜிஎஸ்டி மாதக் கணக்கான 3பி-யைத் தாக்கல் செய்ய உட்காருகிறவர் வைனோடு மல்லுக்கட்ட முடியுமா? அதுவும் பிரைவேட் லிமிடெட். தனிநபர் கடைக்காரர் என்றால் ஓடிபி வைத்தே ஒப்பமிட்டுவிடலாம், கம்பெனிக்கு டிஎஸ்சி கட்டாயம்.

அக்கா, நான் இருபது வருடமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். பிராண்டைக் கடைசியில் கேளுங்கள். முதலில், எதை விட முடியாது என்று பாருங்கள். உங்களால் விட முடியாதவை டேலியும் டோக்கனும். இரண்டும் விண்டோஸைக் கேட்பவை. ஆக ஓஎஸ் சண்டை முடிந்தது.

அந்த ஸ்னாப்டிராகன் மோசமான சிப் இல்லை, பேட்டரி பற்றிக் கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அது ஏஆர்எம். சாதாரண விண்டோஸ் மென்பொருளை அது மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவர்களுக்கு அந்த மொழிபெயர்ப்பு கிடையாது. டோக்கனுக்கோ பழைய பிரிண்டருக்கோ ஏஆர்எம்முக்கென்றே எழுதிய டிரைவர் இல்லையென்றால் அவ்வளவுதான். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் டோக்கனைக் கடைக்கே எடுத்துப்போய்ச் செருகிப் பாருங்கள்.

ரைசன் 7520யு-வில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் எண் 7 என்றால் 2023 வரிசை. மூன்றாவது எண்ணைப் பாருங்கள், 2. உள்ளே இருப்பது ஜென் 2, அதாவது 2019-ல் வந்த வடிவமைப்பு, நான்கு கோர். 7530யு என்றிருந்தால் ஜென் 3, ஆறு கோர். ஒரு எண்தான் வித்தியாசம், உள்ளே இருப்பது வேறு சரக்கு. தவிர, 7520யு எல்பிடிடிஆர்5 ரேமை மட்டும்தான் ஏற்கும். அது போர்டோடு பற்றவைத்து வருவது. 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

மிச்சமிருப்பது 1235யு. அதிலும் ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இன்னொரு 8 போட்டு 16 ஆக்கலாம். ஒற்றை ரேமோடு ஓடுவதைவிட இரட்டையாக ஓடுவது வேகமும் கூட. திரை ஐபிஎஸ்ஸா (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகை) என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எக்செல் கட்டங்களை எட்டு மணிநேரம் பார்க்கும் கண்கள் உங்களுடையவை.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. பழைய லேப்டாப்பை ஆன் செய்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற பத்தியில் எத்தனை சதவீதம், எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுதுங்கள்.

பேரேடு:
பார்த்தேன். 100%. சிவப்பாக நின்றது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஒன்பது நிமிடம் இறங்கவே இல்லை. சிபியு 20-ஐத் தாண்டவில்லை. பேட்டரியும் போய்விட்டது, கரண்ட் நின்றால் பத்து நிமிடம்தான்.

பிராண்ட் பற்றி நீங்கள் இன்னும் சொல்லவில்லையே அண்ணா?

திருப்புளி:
டிஸ்க் 100, சிபியு 20 என்றால் குதிரை நன்றாக இருக்கிறது, வண்டிச் சக்கரம்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு சாட்டா எஸ்எஸ்டி போட்டால் இட்லி வேகும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தாலும் 2026 அக்டோபர் 13 வரைதான். வங்கியும் ஜிஎஸ்டியும் பார்க்கும் மெஷின், அதனால் புதிது வாங்குவதே சரி. பழையதை எஸ்எஸ்டியோடு வீட்டில் வேறு யாருக்காவது கொடுங்கள். பித்தனின் மின்ட் அதற்குப் பொருத்தம்.

பிராண்ட் விஷயம். இன்று என் மேசையில் மூன்று லேப்டாப் திறந்து கிடக்கின்றன. மூன்றும் வேறு வேறு கம்பெனி, ஒரே வியாதி: கீல். பிளாஸ்டிக் உடம்பில் சின்னப் பித்தளை நட்டுகளைச் சூடுகாட்டிப் பதித்து, கீலை அதில்தான் முடுக்கியிருக்கிறார்கள். நாளாக நாளாகக் கீல் இறுகும். ஒரு நாள் மூடியைத் திறக்கும்போது நட்டு பிளாஸ்டிக்கையும் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதே கம்பெனிகளின் அலுவலக வரிசையில் இந்தக் கேஸ் எனக்கு அபூர்வமாகத்தான் வருகிறது.

அதனால் லெனோவோ நல்லதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. லெனோவோவில் திங்க்பேடும் உண்டு, ஐடியாபேடும் உண்டு. ஹெச்பியில் ப்ரோபுக், எலைட்புக் ஒரு ரகம், கடையில் அடுக்கியிருக்கும் 15 அங்குல மாடல்கள் இன்னொரு ரகம். டெல்லில் லாட்டிடியூட் ஒன்று, இன்ஸ்பிரான் ஒன்று. 2025-ல் அந்தப் பெயர்களையும் மாற்றிவிட்டார்கள், இப்போது அலுவலக வரிசைக்கு டெல் ப்ரோ என்று பெயர். தங்கம் என்றவரும் குப்பை என்றவரும் ஒரே பிராண்டில் வேறு வேறு வரிசையை வாங்கியிருப்பார்கள். உங்கள் பட்ஜெட்டில் அலுவலக வரிசையின் கீழ்ப்படி கிடைத்தால் எடுங்கள். இல்லையென்றால் ஆன்சைட் வாரண்டி யார் தருகிறார்கள், கரூருக்கு ஆள் வருவாரா என்று கேட்டு அதை வைத்து முடிவு செய்யுங்கள். மூடியை மூலையில் பிடித்துத் திறக்காதீர்கள், நடுவில் பிடியுங்கள்.

முக்கியமானதை மறந்துவிட்டேன். பழைய டிஸ்க்கில் கைவைக்கும் முன் டேலி லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு, டேட்டாவை பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ஃபார்மட் அடித்துவிட்டு என்னிடம் ஓடிவருபவர்கள் மாதம் ஒருவர்.

பேரேடு:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் 20-ம் தேதி வந்துவிட்டது.

1235யு-தான் வாங்கினேன், ஆனால் முதலில் காட்டிய மாடல் இல்லை. அதில் ரேம் ஸ்லாட் இல்லை என்று கேட்டபோதுதான் சொன்னார். வேறு கம்பெனியின் அலுவலக வரிசையில் அதே சிப், நம்பர் பேடோடு, ஒரு ஸ்லாட் காலி, மூன்று வருட ஆன்சைட். ஸ்னாப்டிராகனில் டோக்கனைச் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றிவிட்டார்.

பழையதில் எஸ்எஸ்டி போட்டாயிற்று. தம்பியின் நண்பன் வந்து மின்ட் ஏற்றிக் கொடுத்தான். முப்பது நொடிகூட ஆகவில்லை திறக்க. மாமனாருக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது புதுத் தலைவலி. அவர் முன்பு டிடிபி கடையில் அடித்து வாங்கிய குலதெய்வக் கோவில் வரலாறு, எண்பது பக்கம். திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாக இருக்கிறது. தலைப்பில் "தமிழ்" என்று வர வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. மாமா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை.

பெங்குவின்_பித்தன்:
மாமாவிடம் சொல்லுங்கள், ஒரு எழுத்தும் அழியவில்லை. அது பாமினி. யூனிகோடுக்கு முந்தைய வழக்கம், ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் உருவத்தை ஒட்டிவைத்திருப்பார்கள். ஜே என்றால் த, அரைப்புள்ளி என்றால் புள்ளி. எழுத்துரு இல்லாத மெஷினில் வெறும் ஆங்கிலமாகத்தான் தெரியும், இது விண்டோஸிலும் மேக்கிலும்கூட நடக்கும். பழைய டிஸ்க்கில் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் பாமினி இருக்கும். எடுத்து மின்ட்டில் இரண்டு முறை கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். பிறகு நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிவையுங்கள், மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒரு முறை படித்துச் சரிபார்ப்பது நல்லது.

பேரேடு:
வந்துவிட்டது! பழைய டிஸ்க்கை யுஎஸ்பி உறையில் போட்டு எழுத்துருவை எடுத்தோம். எண்பது பக்கமும் அப்படியே இருக்கிறது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் பக்கத்தில் டிடிபிகாரர் விட்ட பிழை ஒன்றைக் கண்டுபிடித்து, அதைத் திருத்த "ற" எந்த விசையில் இருக்கிறது என்று கேட்கிறார்.